சொற்புதிர்த் தீர்வுக் கருவிகளும் தமிழ் எழுத்திலக்கணமும்

ஆய்வுச் சுருக்கம்

சொற்புதிர் விளையாட்டுகளுக்கு விடை தேடித்தரும் இணையக் கருவிகள் இன்று பெருகியுள்ளன. ஆங்கிலச் சொற்களை அடிப்படையாகக் கொண்டு உருவான இக்கருவிகளின் இயங்குமுறையை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறையைத் தமிழுக்கு அப்படியே கொணரும்போது எழும் எழுத்தெண்ணிக்கைப் பிழைகளை எடுத்துக்காட்டுகிறது. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் ஆகிய இலக்கண விதிகள் தேடல் வரம்புகளாகப் பயன்படும் வகையையும் அவற்றின் எல்லையையும் ஆராய்கிறது. தமிழ்ப் புதிர்க் கருவிக்கு எழுத்து, ஒலி என்னும் இருநிலைப் பகுப்பு இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: சொற்புதிர், தீர்வுக் கருவி, எழுத்திலக்கணம், ஒருங்குறி, மொழிமுதல், மெய்ம்மயக்கம், தொடையகராதி.

1. முன்னுரை

குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கமாகக் கருதப்படும் ஆர்தர் வின் என்பாரின் புதிர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் வெளிவந்தது. அதன்பின் ஸ்கிராபிள் முதலான பலகை விளையாட்டுகளும், அண்மைக் காலத்தில் வேர்டில் என்னும் கணினி விளையாட்டும் உலகெங்கும் பரவின. ஜாஷ் வார்டில் உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த வேர்டிலை 2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டறிவதே இவ்விளையாட்டு. ஒவ்வொரு முயற்சிக்கும், உரிய இடத்தில் அமைந்த எழுத்து, சொல்லில் இருந்தும் இடம் மாறிய எழுத்து, சொல்லிலேயே இல்லாத எழுத்து என மூவகைக் குறிப்பு நிறங்களால் காட்டப்படும்.

இத்தகைய விளையாட்டுகள் பரவியவுடன் அவற்றுக்கு விடை தேடும் கருவிகளும் பரவின. தமிழிலும் இவ்விளையாட்டுகளின் வடிவங்கள் தோன்றியுள்ளன. இக்கருவிகளைப் பொழுதுபோக்குக்கு உரியன என்று தமிழாய்வு ஒதுக்கிவிட இயலாது. 'எழுத்து என்பது யாது? சொல் என்பது யாது?' என்னும் இரு வினாக்களுக்கு விடை கூறாமல் எந்தச் சொற்புதிர்க் கருவியும் இயங்காது. இவை இலக்கணத்தின் அடிப்படை வினாக்கள். இவற்றுக்கான விடையை ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட நிரல் தானே முடிவுசெய்துவிட்டால், பிழையான விடை கணினித் திரையின் வழியே மாணவரிடம் சென்று நிலைபெறும்.

2. தீர்வுக் கருவி இயங்கும் முறை

தீர்வுக் கருவிகளின் பணி மூன்று. முதலாவது, வடிவத் தேடல். தெரிந்த எழுத்துகளை உரிய இடங்களில் நிறுத்தித் தெரியாத இடங்களை வெறுமையாக விட்டால், அவ்வடிவுக்குப் பொருந்தும் சொற்கள் அனைத்தையும் கருவி தருகிறது. குறுக்கெழுத்துக்கு இது போதுமானது.

இரண்டாவது, எழுத்துமாற்றுத் தேடல். ஒரு சொல்லின் எழுத்துகளை அகரவரிசைப்படுத்தி ஒரு திறவாக அமைத்துக்கொண்டால், அதே திறவுடைய சொற்கள் யாவும் ஒன்றன் எழுத்துகளை இடம்மாற்றிப் பெறத்தக்கவை. 'சரம்', 'ரசம்' இரண்டும் ஒரே திறவில் அடங்கும். ஸ்கிராபிளில் இத்துடன் பலகையின் அமைப்பும் கருதப்பட வேண்டும். ஆப்பெல், ஜேக்கப்சன் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட முறை சொற்பட்டியலை ஒரு வலையமைப்பாகச் சுருக்கியது. சொற்களின் பொதுவான தொடக்கங்களும் பொதுவான ஈறுகளும் அதில் ஒருமுறையே இடம்பெறும். 'படம்', 'பாடம்', 'மாடம்' ஆகிய மூன்றும் 'டம்' என்னும் ஈற்றைப் பகிர்ந்துகொள்வதாக இதனைத் தமிழில் விளக்கலாம்.

மூன்றாவது, வினாத் தெரிவு. அடுத்து எச்சொல்லை முயன்றால் மிகுதியான செய்தி கிடைக்கும் என்று கணக்கிடுவது இது. இதன் முன்னோடியாக மாஸ்டர்மைண்ட் விளையாட்டைக் குறிக்கலாம். ஆறு நிறங்கள், நான்கு இடங்கள் என்னும் அமைப்பில் 1,296 விடைகள் இயலும். அவற்றுள் எதனையும் ஐந்து முயற்சிகளுக்குள் கண்டறியலாம் என்பதை டொனால்டு நூத் 1970களில் நிறுவினார். வேர்டில் கருவிகள் பெரும்பாலும் கிளாடு ஷானன் 1948-இல் வகுத்த செய்திக் கோட்பாட்டைக் கையாளுகின்றன. இரண்டு சமவாய்ப்புகளுள் ஒன்றை முடிவுசெய்யத் தேவைப்படும் செய்தியின் அளவு ஒரு பிட் ஆகும். வேர்டிலின் தொடக்க விடைப்பட்டியலில் 2,315 சொற்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தனித்தறிய ஏறத்தாழ 11.18 பிட் தேவை. ஐந்து இடங்களில் மூன்று நிறங்கள் என்னும் கணக்கில் ஒரு முயற்சி தரக்கூடிய குறிப்பு வடிவங்கள் மிகுதியாக 243. எனவே ஒரு முயற்சி 7.92 பிட்டுக்கு மேல் தர இயலாது. முதல் முயற்சியின் குறிப்பால் மட்டும் எல்லாச் சொற்களையும் பிரித்தறிய முடியாமையின் காரணம் இதுவே.

3. தமிழ் மரபில் தேடல் வரிசை

சொற்களைப் பொருளால் மட்டுமன்றி எழுத்து நின்ற இடத்தாலும் தேடும் முறை தமிழுக்குப் புதிதன்று. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை வரிசையில் அமைக்கிறது. சொல்லின் இரண்டாம் எழுத்தே அங்குத் தேடலுக்குத் திறவு. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றியதாகக் கூறப்படும் அகராதி நிகண்டு முதலெழுத்தைத் திறவாகக் கொண்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடையது. அவற்றுள் தொடையகராதி செய்யுள் இயற்றுவோர் எதுகைச் சொற்களைத் தேடிக்கொள்ளும் பொருட்டு அமைந்தது.

'முதலெழுத்துத் தெரியாது, இரண்டாம் எழுத்து டகரம்' என்று இன்றைய கருவியிடம் தரும் வினாவும், டகர எதுகைச் சொற்களை நாடித் தொடையகராதியைப் புரட்டிய புலவரின் தேவையும் அமைப்பால் ஒன்றே. வேறுபாடு விரைவிலும், எத்தனை இடங்களை ஒருங்கே வரம்பாக்கலாம் என்பதிலும் உள்ளது.

புதிர்களும் அவ்வாறே. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம், மாத்திரைச் சுருக்கம், மாத்திரை வருத்தனம், மாலைமாற்று ஆகியன எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியும் சொல் காணும் முறைகள். 'பகல்' என்பதில் முதலெழுத்தை நீக்கக் 'கல்' எஞ்சுவது அக்கரச்சுதக நெறி. 'காலம்' ஒரு மாத்திரை சுருங்கிக் 'கலம்' ஆவது மாத்திரைச் சுருக்க நெறி. முன்னது எழுத்தை அலகாகக் கொள்கிறது. பின்னது எழுத்தினுள் அமைந்த ஒலியளவை அலகாகக் கொள்கிறது. இவ்விரு நிலைகளையும் மரபு வேறுபடுத்தி அறிந்திருந்தது. தற்காலக் கருவிகள் இடர்ப்படுவது இவ்வேறுபாட்டில்தான்.

4. எழுத்தெண்ணிக்கைச் சிக்கல்

ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் ஒவ்வொன்றும் தனிக்குறியீடு பெறவில்லை. அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடு. பிற உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடுகள். ஆதலின் 'தமிழ்' என்னும் சொல் த, மி, ழ் என மூன்றெழுத்து உடையதாயினும் கணினியில் தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகளாகவே நிற்கிறது. குறியீடுகளை எழுத்தெனக் கொள்ளும் நிரல் 'தமிழ்' என்பதை ஐந்தெழுத்துச் சொல்லாக ஏற்கும். 'அறம்' மூன்றெழுத்து, அந்நிரலுக்கு நான்கு. 'யாழ்' இரண்டெழுத்து, அந்நிரலுக்கு நான்கு.

திருப்பிப் படிக்கும் புதிர்களில் பிழை இன்னும் வெளிப்படையாகிறது. 'விகடகவி' மாலைமாற்றாக அமைந்த சொல் என்பதைச் சிறுவரும் அறிவர். குறியீடுகளைத் திருப்பும் நிரல் இகரக்குறியை முதலில் நிறுத்துவதால் இது மாலைமாற்று அன்று என்றே விடை தரும். திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகத்தை அந்நிரலிடம் தந்தாலும் முடிவு இதுவே.

மற்றொரு சிக்கல் ஒரே எழுத்துக்கு இருவேறு குறியீட்டு வரிசைகள் அமைவது. 'கொ' என்பதைக் ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு குறியீடுகளால் எழுதலாம். ககரம், எகரக்குறி, ஆகாரக்குறி என மூன்றாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவ்விரண்டும் சமமானவை என்று ஒருங்குறித் தரம் கூறுகிறது. எனினும் நிகர்ப்படுத்தும் படிநிலையை நிரல் மேற்கொள்ளாவிடின், விளையாடுபவர் சரியாக எழுதிய 'கொடை' தவறெனத் தள்ளப்படும். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடும் வழக்கம் இதனினும் வேறு. அதனை நிகர்ப்படுத்தல் தீர்க்காது, தனியே திருத்த வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற பதினாறு பிட் அனைத்தெழுத்துக் குறியாக்கம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீடு தருவதால் இச்சிக்கலைத் தவிர்க்கிறது. ஆயினும் இணையத்தில் ஒருங்குறியே பெருவழக்கு. குறியீட்டு வரிசையை எழுத்துகளாகப் பகுக்கும் 'ஓப்பன்-தமிழ்' போன்ற திறமூல நிரல்தொகுப்புகள் உள்ளமையால் இப்பிழை தவிர்க்கக்கூடியதே. 'க்ஷ' ஓரெழுத்தா ஈரெழுத்தா என்பது போன்ற ஐயங்களில் மட்டும் கருவி தன் கொள்கையை முன்னரே அறிவித்தல் வேண்டும்.

5. இலக்கண விதிகள் தேடல் வரம்புகளாதல்

எழுத்து சரியாக எண்ணப்பட்டபின், எந்த எழுத்து எந்த இடத்தில் வரலாம் என்னும் வினா எழுகிறது. இங்கு எழுத்திலக்கணம் நேரடியாகப் பயன்படுகிறது.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. நன்னூல் விதிப்படி மொழிமுதலாகும் எழுத்துகளை விரித்தெண்ணினால், உயிர் 12; க, ச, த, ந, ப, ம என்னும் ஆறும் பன்னீருயிரோடு கூடி 72; வகரம் 8; யகரம் 6; ஞகரம் 4; ஙகரம் 1 என 103 ஆகின்றன. தொல்காப்பிய விதிப்படி சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்றோடு முதலாகாது. யகரம் ஆகாரத்தோடு மட்டுமே முதலாகும். குற்றியலுகரம் உட்பட எண்ணின் 94. எல்லா எழுத்துகளும் சமவாய்ப்புடையன என்று கொண்டால், 247 என்பது 103 ஆகச் சுருங்குவது ஏறத்தாழ 1.26 பிட் செய்திக்கு நிகர். ஒரு முயற்சியும் செய்வதற்கு முன்னரே இலக்கணம் தரும் செய்தி இது.

ஈற்றிலும் இவ்வாறே. நன்னூல் கூறும் ஈறுகளில் மெய் 11. வல்லின மெய் ஆறும் ஙகரமும் ஈறாகா. இடைநிலையில் மெய்ம்மயக்க விதி இன்னும் கூர்மையான வரம்பு தருகிறது. க், ச், த், ப் ஆகியவை தம்மொடு தாமே மயங்கும். ட், ற் ஆகியவற்றை அடுத்துத் தம்மையன்றிக் க, ச, ப வருக்கங்களே வரும். சொல்லிடையில் மகர மெய் உறுதிப்பட்டால் அடுத்து வருவது ம, ப, ய, வ என்னும் நான்கனுள் ஒன்றே. பதினெட்டு வருக்கம் நான்காகச் சுருங்குகிறது.

இவ்வரம்புகளை விலக்கமுடியாத விதிகளாகக் கருவியில் அமைப்பது தவறாகும். 'பக்தி' என்பதில் ககர மெய்யை அடுத்துத் தகரம் வருகிறது. 'ரயில்', 'லட்டு', 'டம்ளர்' ஆகியன மொழிமுதல் விதிக்கு மாறானவை. மேலே காட்டிய 'ரசம்' கூட மரபுப்படி 'இரசம்' என நான்கெழுத்தாகும்; அப்போது 'சரம்' என்பதன் எழுத்துமாற்று என்னும் உறவும் அற்றுப்போகும். ஆகவே இலக்கண விதி தேடலை வரிசைப்படுத்தும் எடையாக அமைய வேண்டும். சொல்லை நீக்கும் வாயிலாக அமையலாகாது. விதிக்கு இயைந்த சொற்கள் முன்னும் விதி மீறிய வழக்குச் சொற்கள் பின்னும் நிற்பின், மரபும் வழக்கும் ஒருங்கே பேணப்படும்.

6. எழுத்துநிலைக் குறிப்பும் ஒலிநிலைக் குறிப்பும்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள், தமிழில் 247. ஒரு முயற்சியில் எழுத்து முழுமையாகப் பொருந்துவது தமிழில் அரிது. இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். முந்தைய முயற்சிகளால் 'டம்' என்னும் ஈறு உறுதிப்பட்டுப் படம், பாடம், மடம், மாடம், வடம், கடம், குடம், இடம் என எட்டுச் சொற்கள் எஞ்சியுள்ளன என்று கொள்வோம். அவை சமவாய்ப்புடையன எனின், தேவைப்படும் செய்தி 3 பிட்.

எழுத்துநிலைக் குறிப்பு மட்டும் தரப்படின், 'படம்' என்னும் முயற்சி எட்டை ஒன்று, ஏழு எனவே பிரிக்கும். கிடைக்கும் செய்தி 0.54 பிட். ஒவ்வொன்றாக முயல்பவர் விடை காண எட்டு முயற்சிகள் வரை தேவைப்படலாம். இதனிலும் 'மகவு' என்னும் சொல்லை முயல்வது நன்று. அது விடையாக இருக்க இயலாது. எனினும் மகரம் பொருந்தினால் 'மடம்', ககரம் இடம் மாறியதாகக் காட்டப்பட்டால் 'கடம்', இரண்டும் இல்லையெனில் எஞ்சிய ஆறு என எட்டை மூன்றாகப் பிரித்து 1.06 பிட் தருகிறது. விடையாகாத சொல்லைக் கருவி பரிந்துரைப்பதன் காரணம் இதுவே.

இனி, மெய் பொருந்தி உயிர் மாறியமையையும், உயிர் பொருந்தி மெய் மாறியமையையும் தனித்தனியே காட்டும் ஒலிநிலைக் குறிப்பைக் கொள்வோம். 'படம்' என்னும் முயற்சிக்கு முழுமையாகப் பொருந்துவது 'படம்'. மெய் மட்டும் பொருந்துவது 'பாடம்'. உயிர் மட்டும் பொருந்துவன மடம், வடம், கடம். எதுவும் பொருந்தாதன மாடம், குடம், இடம். எட்டும் ஒன்று, ஒன்று, மூன்று, மூன்று எனப் பிரிகின்றன. கிடைக்கும் செய்தி 1.81 பிட். எஞ்சிய சொற்களை ஒவ்வொன்றாக முயன்றாலும் மொத்தம் நான்கு முயற்சிகளுக்குள் விடை கிடைத்துவிடும்.

உயிர்மெய்யை மெய்யும் உயிரும் எனப் பகுத்துக் காணும் இலக்கண நோக்கு, இங்கு விளையாட்டின் கடினத்தை அளவிடத்தக்க முறையில் மாற்றிவிடுகிறது. இப்பகுப்பு ஒருங்குறிக் குறியீட்டுப் பகுப்போடு ஒன்றன்று என்பதும் கருதத்தக்கது. அகரத்துக்குக் குறி இன்மையால் 'ப' ஒரு குறியீடு. ஒலிநிலையில் அது ப், அ என இரண்டு. 'ப்' இரண்டு குறியீடு, ஒலிநிலையில் ஒன்று. எனவே குறியீடு, எழுத்து, ஒலி என்னும் மூன்றையும் கருவி வேறுவேறாகக் கையாள வேண்டும்.

7. சொற்பட்டியல்: எது சொல்?

வேர்டிலில் விடையாகும் சொற்பட்டியல் சிறியது; முயற்சியாக ஏற்கப்படும் பட்டியல் பெரியது, தொடக்கத்தில் ஏறத்தாழ 13,000 சொற்கள் கொண்டது. அறிந்த சொற்களையே விடையாக்குதல், அரிய சொற்களையும் முயற்சியாக ஏற்றல் என்னும் இப்பகுப்பு தமிழுக்கும் பொருந்தும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இணையத்திலும் தேடத்தக்க வடிவில் உள்ளது. முயற்சிப் பட்டியலுக்கு அது வளமான மூலம். விடைப் பட்டியலுக்கு 1992-இல் முதற்பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி காட்டும் வழக்குநிலை பொருத்தமான வழிகாட்டி. ஆயினும் அகராதித் தலைச்சொற்களை அப்படியே பட்டியலாக்க இயலாது. பேரகராதியில் வினைச்சொல் 'செய்-தல்' என இடைக்கோட்டுடன் நிற்கிறது. கருவி ஏற்பது 'செய்' என்பதையா, 'செய்தல்' என்பதையா? 'செய்தான்', 'செய்து' என்பன எந்த அகராதியிலும் தலைச்சொல்லாக நில்லா. ஆனால் தமிழர் எவரும் அவற்றைச் சொல் அல்ல என்னார். விகுதி, வேற்றுமை, சாரியை ஏற்ற வடிவங்கள் அனைத்தையும் சேர்த்தால் பட்டியல் எல்லையின்றி விரியும். பெயர்களை எழுவாய் வடிவிலும், வினைகளை ஏவல், தொழிற்பெயர் வடிவங்களிலும் மட்டும் விடையாக்குவது நடைமுறைக்கு ஏற்ற வரையறை. எவ்வரையறையாயினும் விளையாடுவோர்க்கு அது முன்னரே தெரிவிக்கப்பட வேண்டும்.

8. கருவியும் கற்றலும்

தீர்வுக் கருவியின் துணையை நாடுவது முறையன்று என்னும் கருத்து உண்டு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்ற கவனகர்களின் அரங்கில் நினைவாற்றலே சோதிக்கப்பட்டது. அங்கு ஏட்டைப் புரட்டுதல் பொருளற்றது. தனியே அமர்ந்து செய்யுள் இயற்றுவோர் தொடையகராதியை நாடியதை எவரும் குறைகூறியதில்லை. போட்டியில் விதி தடுக்குமாயின் கருவி விலக்கத்தக்கது. பயிற்சியில் அது அகராதியின் மற்றொரு வடிவமே.

பயன் வேறுபடுவது கருவி எதனைத் தருகிறது என்பதால். விடையை மட்டும் தரும் கருவி, தேடும் உழைப்பையும் அதனால் விளையும் சொல்லறிவையும் ஒருங்கே பறிக்கிறது. எஞ்சிய சொற்களைப் பொருளோடு காட்டி, 'மகர மெய்யை அடுத்து இவ்வெழுத்து வாராது' என நீக்கத்தின் காரணத்தையும் கூறும் கருவி, மெய்ம்மயக்கத்தை நூற்பா மனப்பாடமாக அன்றிப் பயன்பாடாகக் கற்பிக்கிறது. வகுப்பறைக்கு உரியது பின்னதே.

9. முடிவுரை

தீர்வுக் கருவி என்பது எழுத்திடத்தால் தேடத்தக்க சொற்பட்டியலும் வினாத் தெரிவுக் கணக்கும் இணைந்தது. இவற்றுள் முன்னதற்குத் தமிழில் நிகண்டு, தொடையகராதி மரபு உண்டு. குறியீட்டை எழுத்தாகக் கொள்ளும் கருவி தமிழ்ச் சொற்களைப் பிழையாக எண்ணுகிறது. இது தவிர்க்கத்தக்க பிழை. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்க விதிகள் தேடலைச் சுருக்க வல்லவை. தற்கால வழக்கை நோக்க, அவை எடையாகவே கொள்ளத்தக்கவை. ஒலிநிலைக் குறிப்பு தமிழ்ப் புதிரை ஆறு முயற்சிகளுக்குள் தீர்க்கத்தக்கதாக்குகிறது.

நிரலாளர் வேண்டுவன எழுத்துப் பகுப்பு நெறியும் வரையறுத்த சொற்பட்டியலும். இவ்விரண்டையும் வகுத்துத் தருவது தமிழ்த்துறையின் பணி. அது செய்யப்படாதவரை, 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எத்தனை எழுத்து என்னும் வினாவுக்கு மாணவர் ஒருவர் திரையில் காணும் விடை ஐந்து என்பதாகவே இருக்கக்கூடும்.